கீழே வராத புறாக்கள்

மேலக்கருங்காட்டில் சுட்ட புறா கீழே விழாமல் போன வருஷம் நல்ல விளைச்சல் வருஷம் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த ஊர்க்காரர்களிடம் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டால் கம்பு எப்படிக் கதிர் பிடித்தது, உளுந்து எப்படிக் காய்த்துத் தள்ளியது என்றுதான் ஆரம்பிப்பார்கள். புறாக்கள் அந்தரத்தில் நின்ற கதை அதற்கப்புறம், வெற்றிலையை மென்றுகொண்டே, பக்கத்து ஊரில் யாரோ மச்சு வீடு கட்டியதைச் சொல்வதுபோல வரும். சுடலைவடிவைப் பற்றி அவர்களாகச் சொல்லமாட்டார்கள். அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சுடலைவடிவு கொம்பையாவின் பெண்டாட்டி. கொம்பையா புறா சுடுகிறவன். இப்படியும் ஒரு பிழைப்பா என்று கேட்கிறவர்கள், புரட்டாசியில் கரிசல் காட்டில் விதைத்துவிட்டு நாலு நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் இருந்து பார்க்க வேண்டும். பாழுங்கிணறுகளின் பொந்துகளில் குடியிருக்கும் மாடப்புறாக்கள் விடிந்தும் விடியாததுமாகக் கூட்டங்கூட்டமாகக் கிளம்பி வந்து, மழையை நம்பி மண்ணுக்குள் போட்ட விதையை மழைக்கு முந்திக்கொண்டு தின்றுவிட்டுப் போய்விடும். தப்பி முளைத்தது கதிர் பிடிக்கும்போது மறுபடியும் வரும். தகர டப்பாவைத் தட்டினால் ஒரு நாள் பயப்படும், பொம்மை கட்டி நிறுத்தினால் ரெண்டு நாள் பயப்படும், மூன்றாம் நாள் பொம்மையின் தலையிலேயே உட்கார்ந்து எச்சம் போடும். ஆகவே ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, அப்பன் காலத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கியை வைத்திருந்த கொம்பையாவிடம் காவலை ஒப்படைத்திருந்தார்கள். களத்தில் தானியம் அளக்கும்போது அவனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கிவிடுவார்கள். சுட்ட புறாவும் அவனுக்கே. அவன் கருவேல மரத்தடியில் குந்தி, வெடிமருந்தும் ஈய ரவையும் கெட்டித்துச் சுடுவான். வடிவு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி, விழுந்ததைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வருவாள். அறுவடை முடிந்த அன்று துப்பாக்கியைத் துடைத்து எண்ணெய் போட்டு விட்டத்தில் ஏற்றிவிட வேண்டும். அறுத்தபின் தாள் மட்டும் நிற்கும் காட்டில் உதிர்ந்து கிடக்கும் மணி பொறுக்கித் தின்பவர்களுக்குச் சொந்தம், அது மனுஷியானாலும் சரி புறாவானாலும் சரி, அங்கே வந்த வாயைத் தடுக்கக் கூடாது என்பது அந்த ஊரில் யாரும் எழுதி வைக்காத கட்டுப்பாடு.

அந்த வருஷம் ஆவணிக் கடைசியில், சோளத்தட்டைக் கட்டைத் தலைக்கு ஏற்றப்போன வடிவு, ஏற்றாமல் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் மண்டைக்குள் ரத்தம் கட்டிவிட்டது என்றார்கள், குழாய் மாட்டினார்கள், குழாயைக் கழற்றினார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்கள். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னான். அவர்கள் வந்தார்கள், தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார்கள், காப்பி குடித்தார்கள், இன்றைக்கோ நாளைக்கோ என்று பந்தல் போட வாசலில் இடம் பார்த்தார்கள், கடைசியில் மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லை என்று அவரவர் ஊருக்குப் பஸ் ஏறினார்கள். வடிவின் தங்கச்சி முத்துப்பேச்சி மட்டும், புருஷனையும் வளர்ந்த பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு, அக்காவுக்குக் கஞ்சி ஊட்ட நின்றுகொண்டாள்.

வடிவு கட்டிலில் கிடந்தாள். கண் திறந்திருந்தது. கஞ்சித் தண்ணியைச் சங்கடையில், பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கில், ஊற்றினால் உள்ளே போனது, கூப்பிட்டால் ஏன் என்று கேட்கவில்லை. கொம்பையாவுக்கு அவள் போய்விடக் கூடாது. இதைவிட நீட்டி அவன் மனசைச் சொல்ல ஒன்றுமில்லை. அவள் பேச வேண்டாம், எழுந்து நடக்க வேண்டாம், தன்னை இன்னாரென்று தெரிந்துகொள்ளக்கூட வேண்டாம். பிள்ளை குட்டி இல்லாத அந்த வீட்டில் கட்டிலில் ஒரு மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் போதும், காலம் முழுக்க அவளைத் தூக்கித் துடைத்துப் படுக்க வைக்க அவனால் ஆகும். சாமிகளிடம் அவன் கேட்டதும் அவ்வளவுதான். சுகப்படுத்து என்று கேட்கவில்லை. கொண்டுபோகாதே என்று கேட்டான்.

புரட்டாசி பிறந்ததும் ஐகோர்ட்டு அண்ணாச்சி ஆள் அனுப்பினார். ஐகோர்ட்டு என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர், அந்தப் பக்கத்துச் சாமி பெயர். ஊரில் முக்கால்வாசிக் காடு அவருடையது. கம்பு விதைத்தாயிற்று, புறா இறங்குகிறது, வீட்டு நிலைமை தெரியும், ஆனாலும் ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொன்னார். கொம்பையா வடிவின் காதில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கல்யாணமானதிலிருந்து முதல் தடவையாகத் தனியாகக் காட்டுக்குப் போனான்.

முதல் குண்டு பட்டது. பட்டதா இல்லையா என்பதில் அவனுக்குச் சந்தேகமே வராது. அடிபட்ட புறா காற்றில் ஒரு தரம் சுருங்கும், அப்புறம் விழும். இது சுருங்கியது. விழவில்லை. பனை உயரத்தில், ஒரு சிறகு விரிந்தும் ஒரு சிறகு மடங்கியும், தலை தொங்க, அந்த இடத்திலேயே நின்றுவிட்டது. காற்றடித்தபோது இறகு சிலிர்த்தது, புறா நகரவில்லை. அலகு நுனியில் ஒரு பொட்டு ரத்தம் திரண்டு, சொட்டாமல் நின்றது. கொம்பையா ஒரு பீடி பிடித்து முடிக்கும் மட்டும் பார்த்தான். மறுபடி கெட்டித்து இன்னொன்றைச் சுட்டான். அதுவும் நின்றது. வெயில் ஏறிவிட்டதால் வீட்டுக்கு வந்துவிட்டான். அம்மியில் மசாலாவை அரைத்து வழித்து வைத்திருந்த முத்துப்பேச்சி, புறா எங்கே என்று கேட்டாள். மேலே நிற்கிறது என்றான். அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, அப்படியானால் கத்திரிக்காயைப் போட்டு இறக்கிவிடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காட்டு வேலைக்குப் போன பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். தலையில் சொட்டிவிடுமோ என்று முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் சீக்கிரமாக முடித்துவிட்டு நகர்ந்தார்கள். ரெண்டாம் நாள் முக்காடு இல்லை. மூன்றாம் நாள் அதன் நிழலில் தூக்குவாளியை வைத்தார்கள், கஞ்சி சுடாமல் இருக்கட்டும் என்று. காக்கைகள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுக் கொத்தாமல் போயின. ஐப்பசி மழை புறாக்களின் மேல் பெய்து வழிந்தது. நாறவில்லை, புழுக்கவில்லை, ஒரு இறகு உதிரவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். அந்தரத்தில் தொங்கும் புறா புளிக்க அந்த ஊருக்குப் பத்து நாள்கூட ஆகவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி வாயைப் பிளந்து நின்ற வெளியூர்க்காரர்களைப் பார்த்துத்தான் அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் கண்டுபிடித்திருந்தார்கள். செத்த புறா தொங்கும் காட்டில் உயிருள்ள புறா வாய் வைப்பதில்லை. ஐகோர்ட்டு அண்ணாச்சியின் கம்பு சீப்பு சீப்பாக முளைத்ததைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கொம்பையாவின் வாசலில் வந்து நின்றார்கள்: என் காட்டுக்கு மேலே ரெண்டு நிறுத்திக் கொடு, என் உளுந்துக்கு ஒன்று போதும், கிழக்கு ஓரமாக நிறுத்து. அவன் போய் நிறுத்திக் கொடுத்தான். அதிலும் வில்லங்கம் வந்தது. ஒருத்தன் காட்டுக்கு மேலே சுடப்பட்ட புறா, பறந்த வேகத்தில் கொஞ்சம் முன்னே போய், ரெண்டு காட்டுக்கும் நடுவிலுள்ள பொழிக்கு நேர் மேலே நின்றுவிட்டது. அது யாருடைய புறா என்று ரெண்டு பங்காளிகள் மண்வெட்டியைத் தூக்கினார்கள். பஞ்சாயத்துக் கூடி, உச்சி வெயிலுக்கு எவன் நிலத்தில் நிழல் விழுகிறதோ அவன் புறா என்று தீர்ப்புச் சொன்னது. தை மாசம் வடக்கே விழுகிற நிழல் ஆனி மாசம் தெற்கே விழும் என்பது தீர்ப்புச் சொன்ன பிறகுதான் யாருக்கோ ஞாபகம் வந்தது. அதனாலென்ன, ஆளுக்கு ஆறு மாசம் வைத்துக்கொள்ளட்டும் என்று எழுந்துவிட்டார்கள்.

மாடப்புறா ஜோடி சேர்ந்தால் பிரியாது. ஊர் பார்த்துக்கொண்டே இருந்தும் பேசாமல் விட்டது இதைத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஜோடி இருந்தது. அது காலையில் கிணற்றுப் பொந்திலிருந்து கிளம்பி நேரே தன் ஜோடி நிற்கும் இடத்துக்கு வரும், அதைச் சுற்றும், பக்கத்தில் உட்காரப் பார்க்கும். உட்கார அங்கே கிளை ஏது? சிறகடித்துச் சிறகடித்து ஓய்ந்து கீழே இறங்கி, வரப்பில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். கண் முன்னால் கம்பு கிடந்தாலும் கொத்தாது. பெண்கள் அவற்றை மிதித்துவிடாமல் விலகி நடந்தார்கள். சோளம் அள்ளிப் போட்டுப் பார்த்தவளும் உண்டு. சிலது அப்படியே உட்கார்ந்தபடி செத்துப்போனது.

வடிவு சாகவில்லை. இன்றைக்கோ நாளைக்கோ என்றிருந்தவள் தீபாவளியைத் தாண்டினாள், கார்த்திகையைத் தாண்டினாள். படுக்கைப் புண் வரவில்லை, உடம்பு வற்றவில்லை, நகம்கூட வளரவில்லை. இடது கண்ணின் ஓரத்தில் ஒரு துளிக் கண்ணீர் திரண்டு நின்றது; முத்துப்பேச்சி முந்தானையால் ஒற்றி எடுத்தால் மறுபடி அதே இடத்தில் திரண்டது, கன்னத்தில் மட்டும் இறங்கவில்லை. பார்க்க வந்த பெண்கள் அதைப் பார்த்தார்கள், திரும்பிப் போகும்போது வானத்தையும் பார்த்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளும் அந்தரத்தில்தான் நிற்கிறாள் என்று குழாயடியில் ஆரம்பித்த பேச்சு, டீக்கடைக்கு வந்து, கடைசியில் கொம்பையாவின் காதுக்கும் வந்து சேர்ந்தது.

சொன்னவர்கள் அவன் மனம் உடைந்துபோவான் என்று எதிர்பார்த்தார்கள். அவனுக்கோ பல மாசத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சோறு இறங்கியது. புறா விழாத மட்டும் வடிவு விழமாட்டாள் என்று அவன் அதைத் திருப்பிப் போட்டுக்கொண்டான். நிற்கிற புறாக்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது? ஒன்று விழுந்தாலும் பத்து நிற்கட்டும், பத்து விழுந்தாலும் நூறு நிற்கட்டும். அன்றைக்கு மத்தியானமே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினான். யாரும் கேட்காத காட்டுக்கு மேலெல்லாம் சுட்டான். பீடிக்கு வைத்திருந்ததெல்லாம் மருந்துக்கும் ரவைக்கும் போயிற்று. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கட்டிலருகில் உட்கார்ந்து, இன்றைக்கு இத்தனை நிறுத்தியிருக்கிறேன், நீ பயப்படாதே என்று வடிவிடம் சொல்வான். அவளுக்குப் பயம் இருந்ததா என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்கழியில் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். இழுத்துக்கொண்டு கிடக்கிற உயிருக்கு ஏதோ ஒரு மண்ணின் மேல் ஆசை நிற்கும், அந்த மண்ணைத் தண்ணீரில் கரைத்து ரெண்டு சங்கடை ஊற்றினால் நிம்மதியாகப் போய்விடும் என்பது அங்கே காலகாலமாக உள்ள வழக்கம். பிறந்த வீட்டு மண்ணை முத்துப்பேச்சி கொண்டுவந்து ஊற்றினாள். புருஷன் வீட்டு வாசல் மண்ணை ஊற்றினார்கள். வடிவு ரெண்டையும் விழுங்கிவிட்டு விட்டத்தைப் பார்த்துக் கிடந்தாள். சொந்தமாகக் காணி இல்லாதவளுக்கு எந்த மண்ணின் மேல் ஆசை இருக்கும் என்று யோசித்து, கடைசியில் முத்துப்பேச்சிதான் சொன்னாள், அக்கா காலமெல்லாம் புறா பொறுக்கிய அந்தக் கம்மங்காட்டு மண்ணாக இருக்கும் என்று. எல்லாருக்கும் அது சரியென்று பட்டது. கொம்பையாவுக்கும் சரியென்று பட்டது. அதனால்தான் அவன் நானே போய் எடுத்து வருகிறேன் என்று எழுந்தான்.

போனவன் கம்மங்காட்டுக்குப் போகவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போய், யாருக்கும் ஆசையில்லாத இடமாகப் பார்த்து, ஒரு பிடி மண்ணை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு வந்தான். முத்துப்பேச்சி அதைக் கரைத்து ஊற்றினாள். பெரியவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டு, இது நம் கையில் இல்லை என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். கொம்பையா வாசலில் நின்று அவர்களை வழியனுப்பினான். பொய் சொன்ன உறுத்தல் அவனுக்குத் துளிகூட இல்லை. யாரையும் ஏமாற்றியாவது அவளை வைத்துக்கொள்ளத்தான் அவன் இருந்தான்.

தையில் அறுவடை நடந்தது. களம் கொள்ளாத தானியம். அன்றைக்குத் துப்பாக்கி விட்டத்துக்கு ஏற வேண்டும், ஏறவில்லை. கம்பு நின்ற மட்டும் வாய் வைக்காமல் ஒதுங்கியிருந்த புறாக்கள், பசி பொறுக்காமல், அறுத்த தாள் காட்டில் உதிர்ந்த மணியைப் பொறுக்க இறங்கின, மடியை விரித்துக்கொண்டு பெண்களும் இறங்கினார்கள், அவர்கள் தலைக்கு மேலேயே கொம்பையா சுட்டான். அறுத்த காட்டில் சுடாதே என்று ஒருத்தி சத்தம் போட்டாள். அவன் அவளைப் பார்த்தான், காதில் வாங்கவில்லை. மாசியில் மிளகாய் வற்றலைக் காயப்போட்டபோது வானத்தில் அத்தனை புறா நின்றது. மந்தாரம் போட்டதுபோல வெயில் தரையில் சரியாக விழாமல், வற்றல் வெளுத்து விலைபோகாத சண்டாகப் போனது. முன்பு ரெண்டு நிறுத்திக் கொடு என்று கேட்டு வந்தவர்கள் இப்போது போதும் நிறுத்து என்று வந்தார்கள். அவன் அதற்கும் தலையை ஆட்டினான், மறுநாளும் போய்ச் சுட்டான். தனக்கென்றால் தாய்ச்சீலையும் பதக்குக் கொள்ளும் என்கிற கதைதான். தன் காரியமென்றால் அளவு கிடையாது, ஊருக்கும் அப்படி, அவனுக்கும் அப்படி.

அப்படிச் சுட்டதில் ஒன்று சாகவில்லை.

ரவை அதன் சிறகடியில் பட்டிருக்க வேண்டும். ஐகோர்ட்டு அண்ணாச்சியின் தாள் காட்டுக்கு மேலே, மற்ற புறாக்களுக்கு நடுவில், அது மட்டும் ஒரு சிறகைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு நின்றது. கழுத்தைத் திருப்பியது, கண்ணை மூடித் திறந்தது, தொண்டைக்குள்ளிருந்து விடாமல் ஒரு குமுறல் போட்டது. பறக்கவும் முடியவில்லை, விழவும் முடியவில்லை, சாகவும் முடியவில்லை. கொம்பையா மறுபடி கெட்டித்து அதையே குறிபார்த்துச் சுட்டான். பட்டது, இறகு ரெண்டு தெறித்து, தெறித்த இடத்திலேயே நின்றது. குமுறல் நிற்கவில்லை. திரும்பவும் சுட்டான். திரும்பவும் பட்டது.

எல்லாவற்றுக்கும் பழகிக்கொண்ட ஊருக்கு அந்தச் சத்தம் பழகவில்லை. பெரிய சத்தமில்லை, ஆனால் உலை கொதிக்கும்போது அதற்குள்ளிருந்து கேட்டது, மாட்டுக்குப் புல் போடும்போது கேட்டது, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டும்போது கேட்டது. பனையேறுகிற ஆளைக் கூட்டிவந்தார்கள். பக்கத்தில் பனை இல்லை. மூங்கிலோடு மூங்கிலைக் கட்டி நிறுத்திப் பார்த்தார்கள். மூங்கில் வளைந்ததே தவிர எட்டவில்லை. ஐகோர்ட்டு அண்ணாச்சி, வாழ்நாளில் ஒருவர் வீட்டுக்கும் போய் நிற்காதவர், கொம்பையாவின் வாசலில் வந்து நின்றார்.

“மத்தது எதையும் நான் கேக்கல கொம்பையா. அந்த ஒண்ண மட்டும் எப்படியாவது எறக்கி விடு. எங்க வீட்ல சோத்துல கை வைக்க முடியலய்யா.”

எனக்கு வழி தெரியவில்லை அண்ணாச்சி என்று கொம்பையா சொன்னான். அது உண்மைதான். அவர் போன பிறகு கட்டிலருகில் வந்து உட்கார்ந்தான். வடிவின் கண்ணோரத்தில் அந்தத் துளி நின்றது. ஜன்னல் வழியாகக் குமுறல் வந்தது. முத்துப்பேச்சி அக்காவின் காலை வெந்நீர்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தவள், தலையைத் தூக்காமல் பேசினாள்.

“அத்தான், ஒண்ணு கேக்கேன். அக்கா பொறுக்கிட்டு வந்த புறாவுல ஒண்ணையாவது உசுரோட பாத்துருக்கீங்களா?”

அவன் யோசித்துப் பார்த்தான். பார்த்ததில்லை.

“குண்டு பட்டதெல்லாம் செத்தா விழுது? பாதி துடிச்சிக்கிட்டுத்தான் கெடக்கும். இவ ஓடிப்போயி எடுத்து, நெஞ்சோட அணைச்சி, கழுத்த ஒரே திருப்பு. அது கண்ணு மூடுத வரைக்கும் கையிலயே வச்சிருப்பா. பெறவுதான் மடியில போடுவா. ஒருநா ஒண்ணு உடைமுள்ளுக்குள்ள போயி விழுந்துட்டு. பொழுதடைய மட்டும் அதத் தேடிட்டு, காலெல்லாம் ரத்தத்தோட, காட்டுக்கு அந்தாண்ட இருக்க எங்க வீட்டுக்கு வந்தா. ஒரு புறாவுக்குப் போயா இந்தப் பாடுன்னு கேட்டேன். சுட்டது நாமன்னா தவிக்க விட்டதும் நாமதானட்டின்னு சொன்னா.”

அவள் துணியைப் பிழிந்து உதறினாள்.

“அந்த மண்ணு கண்மாய்க்கரை மண்ணு. அன்னைக்கே தெரியும் எனக்கு. கரிசல் தண்ணியில கரையுத விதம் தெரியாதா? வாயத் தெறந்து சொல்லல. எங்கக்கா கெடக்கட்டும்னு எனக்கும் ஆசைதான் அத்தான். இப்ப ஆசையில்ல.”

சொல்லிவிட்டு, அழாமல் எழுந்து, வாளியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

கொம்பையா நெடுநேரம் வடிவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் துப்பாக்கிச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவாள். அப்புறம் பொத்துவதை விட்டுவிட்டாள். ஏன் விட்டாள் என்று இப்போது புரிந்தது. ஓட வேண்டியவளுக்குக் காதைப் பொத்த நேரமேது. அவன் எழுந்து, துப்பாக்கியை எடுக்காமல், வெறுங்கையோடு காட்டுக்குப் போனான். தாள் காலில் குத்தியது. குமுறுகிற புறாவுக்கு நேர் கீழே போய் நின்று, அதை அண்ணாந்து பார்க்கத் தைரியமில்லாமல் குனிந்து, வெடித்துக் கிடந்த கரிசலில் ஒரு பிடி பெயர்த்தெடுத்தான். எதிரில் வந்தவர்கள் அவன் துண்டில் இருந்த மண்ணைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அவனே கரைத்தான். கறுப்பாகத் தண்ணீர் திரண்டது. வடிவின் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, சங்கடையை உதட்டில் வைத்தான். அந்தப் பக்கத்தில் வீட்டைவிட்டுக் கிளம்புகிறவரிடம் போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடன்காரனைக்கூடப் போய்ட்டு வா என்றுதான் அனுப்புவார்கள். அவனுக்கும் வாயில் அப்படித்தான் வந்தது. அடக்கிக்கொண்டான்.

“போயிரு வடிவு. நான் இருந்துக்கிடுவேன். நீ போயிரு.”

ஒரு மடக்கு இறங்கியது. இன்னொரு மடக்கு இறங்கியது. கண்ணோரத்துத் துளி உடைந்து, கன்னத்தில் வழிந்து, காதடியில் போய்ச் சேர்ந்தது. மூச்சு ஒரு தரம் வெளியே வந்தது, உள்ளே போகவில்லை. அவ்வளவு லேசாக முடிந்துவிடும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. மடியில் தலை கனத்தது.

வெளியே முதலில் ஓட்டுக்கூரையில் ஒரு சத்தம் கேட்டது. அப்புறம் தெருவில், அப்புறம் களத்தில், அப்புறம் காட்டில், பெருமழை தொடங்கும்போது விழும் பெரிய துளிகளைப்போலத் தொப்தொப்பென்று ஊர் முழுக்கக் கேட்டது. இழவு சொல்லி யாரையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. காயப்போட்ட வற்றலை அப்படியே விட்டுவிட்டு, மண்வெட்டியை வரப்பில் போட்டுவிட்டு, பெண்கள் தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே கொம்பையாவின் வீட்டுக்கு நடந்தார்கள். ஆண்கள் வாசலில் கூடிப் பந்தலுக்குக் குழி தோண்டினார்கள். மாசக்கணக்காகத் தள்ளிப்போன அழுகை அது. வடிவை அதிகம் தெரியாதவர்களும் வாய்விட்டு அழுதார்கள்.

குளிப்பாட்ட வடிவை வெளியே கொண்டுவரும்போது கொம்பையாவைக் காணவில்லை. தேடிப் போனவர்கள் அவனைத் தாள் காட்டில் பார்த்தார்கள். கோணிச் சாக்கு ஒன்றை இழுத்துக்கொண்டு விழுந்து கிடந்த புறாக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். பிறகு எடுத்துக்கொள்ளலாம், நீ வந்து நிற்க வேண்டிய நேரம் என்று ஒருவர் கூப்பிட்டார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஐகோர்ட்டு அண்ணாச்சிதான், விடுங்கள், அவன் வரும்போது வரட்டும் என்று அவர்களைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

புறாக்கள் எல்லாம் கையில் கனமே இல்லாமல், வெயிலில் காய்ந்த பருத்திக்காய்த் தோடுபோல இருந்தன. ஒன்றைத் தவிர. அது தாளுக்கு நடுவில் ஒருக்களித்துக் கிடந்து, அவனைப் பார்த்ததும் தள்ளிப் போகப் பார்த்தது. பிடித்தான். கையைச் சுட்டது, அவ்வளவு சூடு அதற்குள் இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்தது. நெஞ்சோடு அணைத்தான். கழுத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று முத்துப்பேச்சி சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. வலப்பக்கம் திருப்பினான். அது கண்ணை மூடாமல் அவனையே பார்த்தது. தாளின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் திருப்பினான். ஊருக்குள் சங்கு ஊதத் தொடங்கினார்கள். வடிவின் கையில் ஒரே திருப்பில் முடிவது, அவன் கையில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது.